பதில் கடமை

கிண்ணியாவிலிருந்து வந்த சாக்கில்
முழு இலை ஒன்றுகூட இல்லை.
நொறுங்கல். கொஞ்சம் மணல். ஒரு பஸ் டிக்கெட்.

படிவத்தில் இருந்தது: பாவட்டை, பதினெட்டுக் கிலோ,
இருமல் பாணிக்கு.

குளோரல் ஐதரேற்றில் அவித்தேன்.
பச்சை கழன்றுபோக
எண்ணெய் பட்ட கடதாசி மாதிரி
இலை தன் மறுபக்கத்தையும் காட்டியது.

நுணுக்குக்காட்டியின் வில்லையில்
உப்புவெளிக் காற்று வளர்த்த பூஞ்சணம்.
அதைச் சுற்றிப் பார்க்கக் கண் பழகிவிட்டது.

நானூறு மடங்கில்
வாய்கள்.
ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு உதடு.
உதட்டோடு ஒட்டி, அது கிடக்கும் திசையிலேயே
கிடந்தன இரண்டு அயற்கலங்கள்.

ஆடாதோடை என்றால் அயல் குறுக்கே நிற்கும்,
படலையை மறித்த இரண்டு பேராய்.
இங்கே யாரும் யாரையும் மறிக்கவில்லை.

நம்பாமல் ஒரு துளி அமிலம் விட்டேன்.
ஆடாதோடை தோலுக்குள் சுண்ணக்கல் வைத்திருக்கும்,
பட்டதும் நுரைக்கும்.
இது பேசாமல் இருந்தது.

நிஸ்வானாவுக்கு அழைத்தேன்.
"பாவட்டை கேட்டீங்க, பாவட்டைதானே தந்தன்?
முள்ளுக்காட்டுக்குள்ள போய் ஆய்ஞ்சது, மிஸ்.
வேலியில நிக்கிறத இல்ல."
குரலுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.

படிவம் எழுதியவர் யாழ்ப்பாணத்து ஆள்.
அவர் வீட்டில் ஆடாதோடைக்கும் அதுதான் பெயர்.
வவுனியாவில் பஸ் மாறும்போது
பெயர் வேறொரு செடியில் ஏறிவிட்டது.

அறிக்கையில் மூன்று கட்டம்:
அசல், பிரதிநிதி, போலி.
மூன்றாவதில் புள்ளடி போடப் போன பேனை
அங்கேயே நின்றது.
நானூறு மடங்கில், அத்தனை வாயாலும்
அது சொன்னது ஒன்றைத்தான்:
பாவட்டை.

நானும் பதினைந்து மாதமாய்
கனடா போன தர்சாயினியின் கதிரையில்.
மேசையில் அவள் பெயர்ப்பலகை,
அவள் ஒட்டிய முருகன் படம்,
அவள் உயரத்துக்கு ஏற்றிவைத்த முக்காலி,
இறக்கினால் கிறீச்சிடும் என்று
நுனிக்காலில்தான் பார்க்கிறேன்.

கட்டங்களை வெறுமையாய் விட்டு
ஓரத்தில் எழுதினேன்:
பாவட்டை. சுத்தமான இலை. இந்தப் பாணிக்கு ஆகாது.
வேறு மருந்துக்கு எடுக்கலாம்.
கொண்டுவந்தவருக்குக் காசு கொடுக்கவும்.

கையொப்பம்.
அதற்கு முன்னால், வழக்கம்போல, சின்னதாய்: பதில்.

மூன்றரைக்கு வேலை முடிந்தது.
சும்மா அந்த பஸ் டிக்கெட்டைக் கிள்ளி
கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தேன்.
நார், நார், நாருக்கு மேல் மை.
வாய் என்று ஒன்றுமில்லை.
யார் எந்த ஊர் எழுதினாலும்
அந்த ஊர்தான்.