கையில் ஒன்று

கடலே இல்லாத நாட்டில் கப்பல் பெட்டிகள்.
பிஷ்கெக்கின் தோர்தோய் சந்தை முழுக்க
ஒன்றின்மேல் ஒன்றாக,
கீழே கடை, மேலே கிடங்கு.
காலை ஆறரை. பதினேழு டிகிரி,
முன்னால் ஒரு கழித்தல் குறி.

அய்ஜார்கினின் கால்குலேட்டர் குளிரில் திக்குகிறது.
ஏழை அழுத்தினால்
ஏழு எழுந்து வர ஒரு மூச்சு நேரம்.
அக்குளில் வைத்துச் சூடாக்கி எடுக்கிறாள்.
பேனா உறைந்துவிட்டது. பென்சில்.
பிய்த்த அட்டைப்பெட்டியின் உள்பக்கம்.

குழந்தைகளுக்கான கையுறை.
தெமிர்பெக் சீனாவிலிருந்து இறக்குவது
ஜோடி முப்பத்தெட்டு சொம்.
ஓஷில் தைத்து அனுப்பும் கான்ய்ஷாய் சொல்வது
நாற்பத்து நான்கு.
ஆறு சொம் வித்தியாசம்.
இதுதான் கணக்கு என்றால்
இந்தச் சந்தையில் எல்லோருக்கும் மாடி வீடு இருக்கும்.

தெமிர்பெக்கின் மூட்டை அறுநூறு ஜோடி.
அதற்குக் கீழே அவன் பேச மாட்டான்.
600 × 38 = 22,800.
லாரிக்கு 1,800.
"வழி, வழி" என்று கத்திக்கொண்டே
காலில் ஏற்றும் தள்ளுவண்டிக்காரனுக்கு 300.
ஆக 24,900.
அறுநூறால் வகுக்கப் போனவள்
நிறுத்துகிறாள்.

போன வருடம் இதே மூட்டையில்
இருபத்து நான்கு ஜோடி
இரண்டுமே இடக்கை.
எந்த ஊர்த் தையல்காரன்,
என்ன யோசனையில் இருந்தானோ.
576-ஆல் வகுத்தால் 43.23.
ஐம்பத்தைந்துக்கு விற்றால் மிஞ்சுவது 11.77.
கான்ய்ஷாயிடம் வாங்கினால் மிஞ்சுவது 11.
வண்டிக்கூலி கிடையாது, வேண்டியது நூறு ஜோடிதான்,
கைக்குக் கை சரியாக இருக்கும்.

எழுபத்தேழு தியின்.
தியின் நாணயத்தை அவள் கண்ணால் பார்த்தே
எத்தனையோ வருடம்.

அட்டையைத் திருப்புகிறாள்.
போன மார்ச்சை எழுத இடம் வேண்டும்.
பனி உருகிய வாரம்
தொண்ணூறு ஜோடி தொங்கிக்கொண்டிருந்தது.
வெயிலில் யார் கையுறை கேட்பார்கள்?
முப்பதுக்குத் தள்ளினாள்.
அதையும் சேர்த்துக் கூட்டிக் கழித்து
576-ஆல் மறுபடி வகுத்தபோது வந்தது
7.86.
மலிவு கையைக் கடித்தது
அன்றுதான் எண்ணாகத் தெரிந்தது.

"மூணா பிரிச்சா?" என்கிறாள் எதிர்ப்பெட்டி ஜிப்பார்,
தேநீர்க் குவளையை மூக்கோடு சேர்த்துப் பிடித்தபடி.
ஜிப்பார், ரெய்ஹான்குல், அய்ஜார்கின்,
ஆளுக்கு இருநூறு. ஆளுக்கு 8,300.
மார்ச்சுக்கு முன்னால் விற்றுவிடும்.
தெமிர்பெக்குக்குத் தேவை ஒரே மூட்டை, ஒரே கட்டு நோட்டு.
அது எத்தனை பையிலிருந்து வந்ததென்று
கேட்கமாட்டான்.

சண்டை வந்தது இடக்கைக்கு.
எட்டெட்டாகப் பிரிப்பதா,
மூட்டையை யார் பிரிக்கிறாளோ அவள் தலையிலா?
ரெய்ஹான்குல் பேசாமல் போய்க்
கடையைத் திறக்க ஆரம்பித்தாள்.
அவளுக்குச் சம்மதமா, கோபமா,
பூட்டும் குளிரில் திறக்கவில்லை.

ஏழேகால். முதல் போணி.
கராபல்தாவிலிருந்து பேருந்தில் வந்த ஒருத்தி,
கையில் பிடித்து ஒரு பையன்,
அவன் கை அவள் பாக்கெட்டுக்குள்.
"ஐம்பதுக்குத் தருவீங்களா?"

ஐந்து சொம். அய்ஜார்கின் மனசுக்குள் வகுக்கிறாள்:
மூன்று பேர் கூடிப் போராடிய எழுபத்தேழு தியினில்
ஆறரை ஜோடி
ஒரு வாக்கியத்தில் போச்சு.

ஆணியில் தொங்கும் பையில் கை விடுகிறாள்.
போன வருட மிச்சம்.
"ஐம்பத்தைந்துதான். ஆனா
இடக்கைக்கு இன்னொண்ணு சும்மா தர்றேன்.
பசங்க தொலைக்காமலா இருப்பாங்க?"

பையன் மூன்றையும் பார்க்கிறான்.
ஒன்றை இடக்கையில், ஒன்றை வலக்கையில் மாட்டி,
மூன்றாவதை என்ன செய்வதென்று யோசித்துவிட்டுக்
கேட்கிறான்:

"வலது தொலைஞ்சா?"

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
அந்தக் கேள்விக்கு மட்டும்
இரண்டு சொம் குறைத்தாள்.
அட்டையில் அதை எழுதவில்லை.