முப்பத்திரண்டரை

வின்னமக்காவுக்கு இன்னும் நாற்பது மைல் இருக்கையில்
மஞ்சள் விளக்கு விழித்துக்கொண்டது.
சோறு சூடானதும் மைக்ரோவேவ் கூப்பிடுமே,
அதே குரலில் ஒரு மணி.
'திரவத்தின் தரம் குறைவு' என்றது திரை.
வெர்லா உச்சுக்கொட்டினாள்.
நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தெட்டடி நீளம் எங்கள் வீடு.
கட்டில், அடுப்பு, குளியலறை,
சன்னலோரம் கட்டிவைத்த ஒரு ஜெரேனியத் தொட்டி.
அத்தனையையும் சுமக்கும் டீசல் என்ஜின்
தன் புகையின் நஞ்சைத் தானே கழுவிக்கொள்ள
யூரியாக் கரைசல் கேட்கும்.
கொடுத்ததில் கலப்படம் என்று சந்தேகம் வந்தால்
முதலில் சொல்லும்,
அப்புறம் முனகும்,
அப்புறம் எத்தனை மிதித்தாலும்
மணிக்கு ஐந்தே மைல்.
இன்னும் அறுபத்து மூன்று மைல் தவணை
என்று எண்ணத் தொடங்கியிருந்தது.

லாரிகள் ஒதுங்கும் சரளைத் திட்டில் நிறுத்தினோம்.
கண்ணுக்கெட்டியவரை உப்புத்தரை, சாம்பல்நிறப் புதர்.
வெர்லா கருவியைச் சொருகி எண்ணை வாசித்தாள்:
மூவாயிரத்து முந்நூற்று அறுபத்து நான்கு.

நேற்று எல்கோவில் நிரப்பியவன் நான்.
நீல மூடி கரைசலுக்கு.
இரண்டு கை தள்ளி, வெள்ளை மூடி, குடிநீருக்கு.
இரண்டையும் திறந்தது நினைவிருக்கிறது.
எதில் எதை விட்டேன் என்ற இடத்தில்
ஒன்றுமில்லை.
துடைத்த பலகைகூட இல்லை, பலகையே இல்லை.

வசந்தத்திலிருந்தே இப்படித்தான்.
மூக்குக் கண்ணாடி ஃப்ரிட்ஜில் கிடந்தது.
மின்கட்டணத்தை இரண்டு முறை கட்டினேன்.
மைத்துனனை அவன் நாயின் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்,
எல்லோரும் சிரித்தார்கள்,
வெர்லாவைத் தவிர.

மெக்கானிக் இபான் எட்செவெரியா
போனில் ஆடு மேய்க்கிறவன்போலக் கத்திப் பேசினான்:
"தண்ணி கலந்திருப்பீங்க. பாதிப்பேர் அதான்.
தொட்டியை இறக்கிக் கழுவணும், குழாய் எல்லாம் போச்சு.
யாரு ஊத்தினது?"
"நாங்கதான்" என்றாள் வெர்லா.

காஸ்பர் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம்
டயாலிசிஸ் மெஷின்களோடு இருந்தவள்.
நடுராத்திரி அவை அலறினால்
மெஷினைப் பார்க்கமாட்டாளாம்,
படுத்திருப்பவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாளாம்.
யூரியா அவளுக்குப் பழைய பகையாளி.

கரண்டிகள் வைக்கும் இழுப்பறையிலிருந்து
சின்னத் தொலைநோக்கிபோல ஒன்றை எடுத்தாள்.
நீல மூடியைத் திருகி, குழல்விட்டு உறிஞ்சி,
கண்ணாடிமேல் ஒரே சொட்டு.
சூரியனை நோக்கித் தூக்கிப் பிடித்தாள்.

அந்த நேரத்தில் மூன்று லாரிகள் போயின.
மூன்றாவது, வைக்கோல் ஏற்றியது,
கொஞ்சம் வைக்கோலை எங்கள்மேல் உதிர்த்துவிட்டுப் போனது.

ஒன்றும் சொல்லாமல் என் கையில் கொடுத்தாள்.
வட்டத்துக்குள் நீலம் முடிந்து வெள்ளை தொடங்கும் கோடு,
நூற்றுக்கு முப்பத்திரண்டரையில்,
நூல் பிடித்தாற்போல் நின்றது.
தண்ணீர் சேர்ந்திருந்தால் இறங்கியிருக்கும்.
இறங்கவில்லை.

"தொட்டிக்குள்ள இருக்கிற சென்சார்தான் புளுகுது,"
என்றாள் வெர்லா, போனுக்கு, இபானுக்கு,
மூன்றாவதாக என்னைப் பார்த்து.
"ரீனோவிலிருந்து வியாழக்கிழமை வந்துடும்,"
என்றான் அவன், குரல் இறங்கி.
"மெதுவா ஓட்டிட்டு வாங்க, தவணை போதும்."

ஆக, என் கை சரியான துளையில்
சரியானதைத்தான் விட்டிருக்கிறது.
யாரோ ஒழுங்கானவன்
என் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்
வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறான்.
அவனுக்கு நன்றி சொல்லவேண்டும்.
அவனை எனக்குத் தெரியாது.

நீல மூடியைச் சுற்றி உப்பாய்ப் பூத்திருந்ததை
ஈரத்துணியால் துடைத்தேன், கரைந்துபோனது.
ஏறி உட்கார்ந்தேன்.
மூடினேனா என்று இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
ஏறினேன்.
மறுபடி இறங்கினேன்.

இரண்டு தடவையும் மூடித்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது
ஓட்டுநர் இருக்கையில் வெர்லா இருந்தாள்,
என் உயரத்துக்கு வைத்திருந்த கண்ணாடியை
தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டு.