சரக்குச் சீட்டில் இல்லாத நாய்

எனக்கு எல்லாமே எடைதான்.
கோதுமை மாவு நூற்றிருபது கிலோ,
பம்புக்கு ஒரு பித்தளை வால்வு,
ஐஸ் பெட்டியில் தடுப்பூசி,
யாரோ ஒருவருடைய பொய்ப்பல் செட்டு.
கடைசியில் வினெட் ஓடிவந்து நீட்டிய உறை:
ஏழு பள்ளிகளுக்கு ஏழு மெமரி கார்டு.
தராசு முள் அசையவே இல்லை.
"என்னன்னு எழுதட்டும்?"
"பாட்டு" என்றாள். "பிள்ளைப் பாட்டு. பதினொன்று."

கிம்பர்லியில் மழை பிடித்துக்கொண்டால்
சாலை வரைபடத்தில் மட்டும்தான்.
பிப்ரவரி முழுக்க
நான்தான் சாலை.

அவளும் அவள் அக்கா பிள்ளைகளும் பாடியது
மளிகைக் கடையின் பின்னறையில்,
ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு,
ஐஸ்கிரீம் இளகுவதற்குள் ஒவ்வொன்றாக.
தவளைப் பாட்டின் மூன்றாம் வரியில்
வாசலில் கிடந்த டீசல் குரைத்துவிட்டது.
டீசல், நாயின் பெயர்.
வெட்டிப் பார்த்தாளாம்.
குரைப்போடு ஒரு சொல்லும் போயிற்றாம்.
சொல்லை விட மனமில்லை,
நாயும் தங்கிவிட்டது.
ஏழு உறையிலும் மன்னிப்புக் கேட்டு
ஒரு துண்டுச் சீட்டு.

மூன்று வாரம் கழித்து,
ஓடுபாதையை ஒட்டிய கடைசிப் பள்ளி.
அங்கே மணிகூட ஆங்கிலத்தில்தான் அடிக்கும்.
எஞ்சின் சூடு தணியட்டும் என்று நின்றிருந்தேன்.
தகரக் கொட்டகைக்குள் பதினைந்து பிள்ளைகள்,
முழங்கால் வரை செம்மண்.
அந்த மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.
கை தட்டினார்கள், தெரிந்தது.
குந்திக் குதித்தார்கள், தெரிந்தது.
மூன்றாம் வரி வந்ததும்
அத்தனை பேரும் முகத்தைத் தூக்கி
ஒரே ஒரு குரைப்பு.
பிறகு எதுவும் நடக்காததுபோல்
நாலாம் வரி.

லொரெல் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள்.
"ஆற்றுக்கு இந்தப் பக்கம் வேற பேச்சு.
தவளைக்கு எங்க சொல்லே இருக்கு.
முதல் நாளே மாத்திட்டாங்க, யாரையும் கேக்கல.
நாயை மட்டும் எடுங்கடான்னேன்.
டாரெய்ன் அழுதே விட்டான்."

திரும்பும்போது சட்டைப் பையில் அதே கார்டு,
அவர்கள் பாடியதை ஏற்றி.
சீட்டில் எழுதவில்லை.

இறக்கையின் நிழலில் வைத்துப் போட்டுக் காட்டினேன்.
வினெட் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
குரைப்பைத் தாண்டவிட்டு, பின்னால் ஓட்டி,
"தவளைக்கு என்ன சொல்றாங்க, இன்னொரு தடவை போடு" என்றவள்
பேனா கிடைக்காமல் என் பேனாவைப் பறித்து
முன்னங்கையில் எழுதிக்கொண்டாள்.

டீசல் ஒரு காதை மட்டும் தூக்கியது.
பதினைந்து குழந்தைகளின் நாயைக் கேட்டது.
எழுந்து போய்
முன்சக்கரத்தின் மேல் காலைத் தூக்கியது.