நானூறு லிட்டருக்குக் கீழே

ஐந்தாம் மாடியில் நானூறு லிட்டர் தண்ணீர்.
நான்காம் மாடியில், அதற்கு நேர் கீழே,
என் கட்டில்.

ரூஸே நகரத்தை ஒட்டித்தான் டான்யூப் போகிறது.
அதற்கு இங்கே யாரும் பயப்படுவதில்லை.
அது தன் இடம் தெரிந்து தாழக் கிடக்கிறது.
தலைக்கு மேல் குடியிருக்கும் தண்ணீர்தான்
வேறு சங்கதி.

மின்கட்டண ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
தண்ணீர் நானூறு கிலோ. கண்ணாடி எழுபது.
கல், மணல், கறுத்த மரவேர் ஒன்று: எண்பது.
ஒரு ஆஸ்கார் மீன். அதை விட்டுவிட்டேன்.
இத்தனையையும் கட்டிப் பிடித்திருப்பது
சுண்டுவிரல் நக அகலத்துக்குச் சிலிகான் பசை.
பதினேழு வயதுப் பசை.

லிஃப்டில் வைத்துப் பென்கோவிடம் கேட்டேன்.
"ஒரேயடியாக உடைவது அபூர்வம், ராலிட்சா.
முதலில் கசியும்.
கசிவு மரியாதை தெரிந்தது,
சொல்லிவிட்டுத்தான் வரும்."

அந்த மரியாதையை நம்பி நாலு வருடம் தூங்கினேன்.
கட்டிலை மட்டும் ஓரடி
ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன்.
ஓரடியால் என்ன ஆகிவிடும் என்று கேட்காதீர்கள்.

ஜனவரியில் இடுப்பு அறுவைக்கு
அவரை வர்ணாவுக்குக் கொண்டுபோனார்கள்.
சாவி என் கையில்.
"தினம் பத்து உருண்டை தீனி.
பிறகு தொட்டிக்கு அடியில் கையை விட்டுப் பார்.
காய்ந்திருந்தால் போய்விடு."

முதல்முறையாக
என் தூக்கத்தின் மேல் நின்றேன்.
தரை லேசாகக் குழிந்திருந்தது
அல்லது என் செருப்பு தேய்ந்திருந்தது.
மீன் வந்து கண்ணாடியில் மூக்கை வைத்தது,
கதவைத் தட்டத் தயங்குகிற ஆள் மாதிரி.

ஒன்பதாம் நாள்
இடது மூலையில், பலகை விளிம்பில்,
உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாய் ஒரு கோடு.
துடைத்தேன்.
மறுநாள் திரும்ப வந்திருந்தது,
நுனியில் ஒரு துளியோடு.
விழலாமா என்று யோசிக்கிற துளி.

வர்ணாவுக்கு அடித்தேன்.
தூங்குகிறார் என்றாள் நர்ஸ்.
துளி தூங்கவில்லை.

அப்புறம் நடந்ததற்கு வரிசை கிடையாது.
குழாயை வாயில் வைத்து உறிஞ்சியதில்
நாக்கெல்லாம் பாசி.
வலை கிழிந்தது, பென்கோவின் மேஜைவிரிப்பு உதவியது.
நள்ளிரவில் என்ன கூத்து என்று திட்ட வந்த
மூன்றாம் மாடி தெஞ்சேவா
எப்போது வாளியைப் பிடித்தாள் என்று
அவளுக்கே தெரியாது.
லிஃப்டில் மூன்று பேர் இறங்கினோம்:
நான், அவள்,
வாளிக்குள் வாலால் அறைந்துகொண்டு அது.

விடியும்போது மேலே
ஈரக் கற்கள் கிடக்கும் வெறும் பெட்டி.
என் குளியல் தொட்டியில்
மீன், ஹீட்டர், மோட்டார்.

தலைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத
முதல் ராத்திரி.
கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளினேன்.
கண் மூடவில்லை.
மோட்டாரின் முனகல்
மேலிருந்து வராமல் பக்கத்திலிருந்து வந்தது.
அதுவும் ஒரு காரணம்.

இப்போது நான் குளிப்பது
தெஞ்சேவா வீட்டில்.
நேற்று ஷவரை நிறுத்திவிட்டு அண்ணாந்தேன்.
நேர் மேலே என் தொட்டி.
அதன் வாயில் ஒரு ரப்பர் அடைப்பான்,
வயது தெரியாது.
ஸ்டூலில் ஏறிக் கூரையைத் தடவினேன்.
கை நனைந்தது.

"அது வெந்நீர் ஆவிதான்"
என்றாள் தெஞ்சேவா, கதவுக்கு வெளியே இருந்து.

நான் எதுவுமே கேட்டிருக்கவில்லை.