முதுகு நீங்கலாக

துணி வெளுக்கும் கடைக்கும்
பனிவண்டி உதிரிபாகக் கடைக்கும் நடுவே
ஆர்வில் மெக்கின்னனின் அலுவலகம்.
கதவைத் திறந்தால் சோப்பு வாசம், பெட்ரோல் வாசம்,
பிறகுதான் காகித வாசம்.
தண்டர் பே நகரத்தில் பாதிப் பேரின் சாவுக்கு
அவர் அலமாரியில் ஒரு கோப்பு இருக்கிறது.

நாற்காலியில் கிடந்த கர்லிங் காலணிகளைத்
தரைக்கு இறக்கி, உட்காருங்கள் என்றார்.
விரிகுடா உறைய இன்னும் மூன்று வாரம் என்றார்.
ஆயுள் காப்பீடு பத்து நிமிடத்தில் முடிந்தது.
யாரோ மூன்றாம் வீட்டுக்காரன் சாகப்போவதுபோல
டார்சி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.
நான் பயனாளியாம்.
அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்,
புதுச் செருப்பு மாதிரிக் கடித்தது.

"இது செத்தால்" என்றார் ஆர்வில்.
"இனி, சாகாவிட்டால்."

சாகாவிட்டால் என்பதற்குப்
பதினோரு பக்கம்.
கணக்கெழுதுகிறவன் என்றால் இதில் பாதி ஆகும்.
கூரை வேலை, வயது முப்பத்தொன்பது,
புகைப்பதில்லை, ஆனால் சரிவில் நிற்கிறான்:
மாதம் நூற்று எழுபத்திரண்டு டாலர்.
அது மகளின் ஹாக்கி.
இல்லையென்றால் லாரிக்குக் குளிர்கால டயர்.
மனசுக்குள் ஒன்றை எடுத்து ஒன்றை வைத்துக்கொண்டிருந்தேன்.

தொலைபேசியில் இதைவிட மலிவாய்க் கிடைக்கும்
என்று அவரே சொன்னார்.
"அவர்கள் கேள்வியை வாசிப்பார்கள். நான் கேட்பேன்."

கேட்டார்.
இதயம்? இல்லை. சர்க்கரை? இல்லை. வலிப்பு? இல்லை.
ஆணி அடிப்பதுபோல் சீராய் விழுந்தது
டார்சியின் குரல்.
முதுகு?

ஆணி வளைந்தது.

சுவருக்கு அப்பால் துவைக்கும் எந்திரம் சுற்றி ஓய்ந்தது.
நான் அவனைப் பார்த்தேன்.
அவன் கர்லிங் காலணிகளைப் பார்த்தான்.
"இங்கே விட்டுவிட்டால்" என்றார் ஆர்வில்,
"பின்னொரு நாள் இதே கேள்விக்கு
உன் மனைவி பதில் சொல்ல வேண்டிவரும்.
இதே நாற்காலியில். தனியாக."

இரண்டாயிரத்துப் பதினாறு, அக்டோபர்.
பள்ளிக்கூடக் கூரை, ஈரம்.
"ஏழடிதான்" என்றான், என்னவோ நான் பேரம் பேசியதுபோல.
எலும்புக்கு நடுவே ஏதோ பிதுங்கியிருக்கிறது.
கெனோராவில் ஐந்து வாரம் வேலை என்று போனானே,
அது வேலை இல்லை,
அவன் அண்ணன் வீட்டு சோஃபா.
எனக்கு அப்போது எட்டாம் மாதம்.
அந்த வேலைக்குத்தான் நான்
இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்பினேன்.

ஆர்வில் காபி போட எழுந்தார்.
காபி எந்திரம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
இருந்தும் பின்னறைக்குப் போனார்,
வெகுநேரம் வரவில்லை.

டிசம்பர் பாதியில் பத்திரம் வந்தது.
டார்சி ஹைக்கலாவின் கண், கை, கால்,
பத்து விரல், நுரையீரல்,
மனசு உடைந்து படுத்தாலும்கூட,
தொண்ணூறு நாள் பொறுத்தால் பணம் வரும்.
கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு வரி:
முதுகெலும்பும் அதைச் சார்ந்த யாவும் நீங்கலாக.
கூடவே மஞ்சள் தாளில் ஆர்விலின் கிறுக்கல்:
மூன்று வருடம் சிகிச்சையே இல்லாமல் போனால்
இந்த வரியை எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பார்ப்போம்.
கேட்டுப் பார்ப்போம் என்பதற்கு அடியில்
இரண்டு கோடு.

ஹாக்கி அட்டவணைக்கு மேல் அதை ஒட்டினேன்.
டயரைத் தள்ளிப்போட்டோம்.
பேச்சையும்தான்.

இரவில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தான்.
எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காத அந்த இடம்
என் முகத்துக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி,
மேலேறி இறங்கிக்கொண்டிருந்தது.
கோபம் இன்னும் தீரவில்லை.
காலுறைகள் இன்னும் தீரவில்லை.
விரலை வைத்தேன்.

அங்கே இல்லை, என்றான்.
இன்னும் கொஞ்சம் கீழே.