ஒரு வாஷர் குறைகிறது

ஷிஃப்ட் முடிய இருபது நிமிடம்.
தட்டில் ஒன்பது இருக்க வேண்டும்.
எட்டு இருக்கிறது.

மறுபடி எண்ணுகிறேன்.
கையுறையைக் கழற்றிவிட்டு எண்ணுகிறேன்,
துணிக்குத் தெரியாதது
தோலுக்குத் தெரியலாம் என்று.
எட்டு.

இரண்டு கிராம்கூட இராது.
கதவின் வயிற்றுக்குள் விழுந்திருந்தால்
வாங்குகிறவர் ஆயுசுக்கும்
வளைவுக்கு வளைவு அதைக் கேட்பார்.
முதல் வாரமே சொல்லியிருந்தார்கள்:
காரில் பாட்டு கேட்கலாம், சண்டை கேட்கலாம்,
கிலுகிலுப்பை கேட்கக் கூடாது.

தலைக்கு மேலே மஞ்சள் கயிறு.
இழுத்தால் லைன் நிற்கும்.
ஐஸ்கிரீம் வண்டி போல ஒரு மெட்டு ஒலிக்கும்.
நானூறு தலை திரும்பும்.
என் பெயர் அட்டையில் பச்சைக் கோடு,
பயிற்சியாளர், இரண்டாம் ஆண்டு.
தப்பு செய்தால் "யார் அந்தப் பச்சைக்கோடு?" என்பார்கள்.
சரியாகச் செய்தால் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இழுத்தேன்.

ஐம்பத்தேழு நொடிக்கொரு கார் என்று
நகர்ந்துகொண்டிருந்த எல்லாம் நின்றது.
ஒரு ரோபோ
முன்கண்ணாடியைத் தூக்கிய கையோடு
பாதியில் யோசனையில் ஆழ்ந்தது.
கூரையிலிருந்து பனி சரியும் சத்தத்தை
ஒன்றரை வருடத்தில்
அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

லைன் தலைவி வ்லாஸ்தா வந்தாள்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
"கடைசியாக எப்போது எண்ணினாய்?"
"எட்டு மணிக்கு."
"ஒன்பது மணிக் கட்டத்தில் டிக் இருக்கிறதே?"

ஆமாம், இருக்கிறது.
என் பேனாதான். என் கைதான்.

எட்டு மணியிலிருந்து நூற்று ஐந்து கார்கள்.

முற்றத்துக்குப் போனோம்,
நானும் தரச்சோதனை ராஸ்தோவும்.
ஸில்லினாவின் பிப்ரவரி.
வாஹ் ஆற்றிலிருந்து வரும் காற்றுக்கு
எங்கள் சட்டையின் எல்லாத் தையலும் தெரியும்.
எனக்குத் தந்தது ஆண் அளவுக் கால்சட்டை;
இரண்டு மடிப்பு மடித்தும் குதிகாலில் மிதிபடும்.
மடிப்புக்குள் பனி சேர்ந்து கனத்தது.

இடது முன்கதவை அவன் அசைப்பான்.
நான் காதை வைப்பேன்.
லிஸ்பன் போகிற கார்: ஊமை.
ஒஸ்லோ போகிற கார்: ஊமை.
ஹைஃபா போகிறதும் அப்படியே.
இருக்கைகளில் இன்னும் பாலிதீன் உறை.
யாரும் உட்காராத, யாரும் அழாத,
யாரும் பிஸ்கட் சிந்தாத கார்கள்.
என் காது பட்ட இடத்தில்
பனி உருகி ஒரு காது இருந்தது.

"கேட்கிறதா?"
"உன் பல் கிட்டுவதுதான் கேட்கிறது."

ஒரு மணிக்கு அறுபத்தொன்று முடிந்தது.
மீதியைக் காலைக் குழு பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.
பேருந்தில் ஒவ்வொரு குலுக்கலிலும்
என்னவோ கிலுகிலுத்தது.
எதிர் இருக்கைக்காரரின் சாவிக்கொத்து.
அவரை ஒரு கணம் வெறுத்தேன்.

அறைக்கு வந்து
ஈரச் சீருடையைச் சலவை இயந்திரத்தில் போட்டேன்.
குழாயில் தண்ணீர் இறங்கியது.
உருளை மெல்ல ஒரு சுற்று சுற்றியது.

கிணிங்.

அறைத்தோழி போர்வைக்குள்ளிருந்து
"அது என்ன?" என்றாள்.
நான் தரையில் உட்கார்ந்து
வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரவெல்லாம் நூற்று ஐந்து கதவுகளில் தேடியது
என் கால்சட்டை மடிப்பில் உட்கார்ந்து
என்னோடே நடந்திருக்கிறது.

ராஸ்தோவை அழைத்தேன்.
முதலில் மௌனம்.
பிறகு கெட்ட வார்த்தை, அழகான ஒன்று.
பிறகு சிரிப்பு, இருமல் வரும்வரை.
பிறகு, "காலைக் குழுவிடம் நீயே சொல்லு."

சொன்னேன்.
படிவத்தில் 'கண்டெடுத்த இடம்' என்றொரு கட்டம்.
அதற்குக் கீழே 'வாகன எண்'.
ஒரு கோடு போட்டேன்.

இன்று தாள் புதிது.
எண்ணிவிட்டு டிக், எண்ணிவிட்டு டிக்.
நேற்றைய தாளும் பலகையிலேயே தொங்குகிறது.
அந்த ஒன்பது மணியை யாரும் அழிக்கவில்லை.
அதைச் சுற்றி வ்லாஸ்தா
பென்சிலால் ஒரு வட்டம் மட்டும் போட்டிருக்கிறாள்,
சரியாக
ஒரு வாஷர் அளவு.