கழித்தல்

மாதிரி எண் நாற்பத்தொன்று.
படகுத்துறைக்குத் தெற்கே, இடுப்பளவு நீர்,
காலை ஆறேகால்.
வடிதாளில் பன்னிரண்டு நீல இழை,
மூன்று வெள்ளைச் சில்லு,
ஒரு சிவப்பு.

அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும்.

நேற்று மலாவி ஏரியின் மேல் நல்ல மழை.
ஆய்வுக்கூடக் கூரை ஒழுகியது.
பருத்தி அங்கிக்குள் யாருக்கும் தெரியாமல் போட்டிருந்தேன்,
சந்தையில் பழந்துணி மூட்டையிலிருந்து உருவிய
ஒரு கம்பளிச் சட்டை.
கழுத்துப் பட்டையில் மையால் எழுதிய பெயர்:
எந்தக் குளிர்நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ.
ஆட்டைக் கண்டறியாத கம்பளி.
தண்ணீர் பாட்டிலை உருக்கி நூற்றதாம்,
பிறகுதான் படித்தேன்.

இதற்கென்றே ஒரு வெற்றுத் தட்டு வைப்போம்.
ஏரி தொடாத நீர், காய்ச்சி வடித்தது.
அதில் விழுவதெல்லாம் எங்களிடமிருந்து விழுவது.
விழுந்ததை எண்ணி
ஏரியின் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும்.
நேற்றைய தட்டில் ஐந்து சிவப்பு.
"லுசுங்கு, உன்னைக் கழி" என்றார்
திட்டத் தலைவர், தலை நிமிராமல்.

ஒன்றில் ஐந்து போனால்
ஏரிக்கு நான் நான்கு பாக்கி.
அப்படி எழுதக் கட்டம் இல்லை.
பூஜ்யம் என்று எழுதினேன்.

திரும்பும் வழியில் கும்போவின் படகு.
சம்போ மீன் அவன் கையில் இன்னும் துள்ளியது.
தாய் மீன். குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பாள்;
நிழல் விழுந்தால் திறப்பாள், அத்தனையும் உள்ளே ஓடும்.
வாய் நிறைந்த நாட்களில் இரை தேடுவதில்லை.
அவன் விரல் விட்டுப் பிளந்து காட்டினான்:
குறுநொய் போலக் குஞ்சுகள்,
நடுவே அதே அளவில்
ஒரு நீல மணி.
விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.
அவளுக்குக் கழிக்கத் தெரியாது.

அவளை ஏரியில் விடச் சொன்னேன்.
விலையைச் சொன்னான்.
கொடுத்தேன்.

மாலை நாலு மணிக்குத் துவைபாறையில் பெண்கள்.
நுண்ணோக்கியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன்.
தமண்டா ஒற்றைக் கண்ணை இறுக்கி நெடுநேரம் பார்த்தாள்.
"இதில் என்னுடையது எத்தனை?"
தெரியாது என்றேன்.
"அப்போ அழுக்கோடு உடுத்தவா சொல்கிறாய்?"
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.
செய்தவனுடையது எத்தனை, விற்றவனுடையது எத்தனை
என்று அவள் கேட்கவில்லை.
நானும் இத்தனை நாள் கேட்டதில்லை.

பாறைக்கு மேலே, கரையில், குழி வெட்டினோம்.
அடியில் மணல், மேலே கரி, மறுபடி மணல்,
எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பழைய பருத்தித் துணி.
பன்னிரண்டு எட்டுதான்.
ஆனால் வாளி நிறையத் தண்ணீரோடு மேட்டில்
பன்னிரண்டு எட்டு.
முதல் வாரம் ஏழு பேர் வந்தார்கள்.
அடுத்த வாரம் நான்கு.
தமண்டா வந்தாள், என்னை வைதுகொண்டே.
முழங்கால் வலிக்கு என் பெயரையே வைத்துவிட்டாள்.

மாதக் கடைசியில் அந்தத் துணியை உரித்தோம்.
பூனை கக்கிய மயிருண்டைபோல்
சாம்பல் நிறத்தில் ஒரு பிடி.
அங்கங்கே நீலம், பச்சை, யாரோ ஒருத்தியின் மஞ்சள்.
எங்கே போடுவது?
எரித்தால் காற்று எடுத்துக்கொள்ளும்.
புதைத்தால், மழைக்கு ஏரி ஏறிவந்து
தன்னுடையதைக் கேட்கும்.
தமண்டா அதைப் பால்மாவு டப்பாவில் திணித்து
என் கையில் கொடுத்தாள்:
"படித்தவள் நீ. நீயே வைத்துக்கொள்."

அலமாரியில், நாற்பத்திரண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.
திட்டத்தில் அதற்கு எண் கிடையாது.
மூடியை இறுக்கிவிட்டுக் கை கழுவப் போனவள்
குழாயடியில் நின்றுவிட்டேன்.
கட்டைவிரல் ரேகையில் ஒன்று ஒட்டியிருந்தது.
சிவப்பு.
இந்தக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று
எனக்குத் தெரியும்.